அடுத்த வருஷத்து அளவு

அவளோடு கடைவீதிக்குப் போவதற்குப் பதில் ஒரு வார்டு முழுவதையும் கூடுதலாகப் பெருக்கித் துடைத்துவிடலாம் என்று பல வெள்ளிக்கிழமைகளில் நினைத்திருக்கிறேன். வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள் லீவு. எங்கள் விடுதியில் மற்றப் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, சோறு பொங்கித் தின்றுவிட்டுத் தூங்குவார்கள். இவள் மட்டும் வெயில் தாழ்ந்ததும் சேலை மாற்றிக்கொண்டு என் கட்டிலருகே வந்து நிற்பாள்.

"எந்திரி அம்மிணி. கடை தொறந்திருப்பான்."

"என்னக்கா வாங்கணும்?"

"வாங்கறதுக்கு ஆரு போறா? பாத்துட்டு வரலாம் வா."

குவைத்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் துப்புரவு வேலை. எண்பதுகளின் ஆரம்பம் அது. என் வீடு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். அப்பா சேலத்திலிருந்து மலையேறி வந்து டீக்கடை போட்டவர். அவளுக்கு ஊர் நாகலூர், எஸ்டேட்டுகளுக்கு நடுவே. பஸ்ஸில் போனால் கொஞ்ச தூரம்தான். ஆனாலும் ஊரில் இருந்தவரை நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்திருந்தால் அவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போயிருப்பேன். அந்நிய தேசத்தில் அப்படி ஆள் பார்த்து ஒதுங்க முடியுமா? போய் இறங்கிய முதல் நாள், புரியாத பாஷைகளுக்கு நடுவே, "ஏனுங்க, நீங்க சேலத்துப் பக்கங்களா?" என்று ஒரு குரல் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

அக்காவைப் பொறுத்தவரை கடைக்குப் போகிறவர்கள் இரண்டு வகை. சொன்ன விலைக்கு வாங்குகிற ஏமாளிகள் ஒரு வகை. தள்ளுபடி என்று எழுதிப் போட்டதை நம்பி வாங்குகிற பெரிய ஏமாளிகள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஒரே ஆள் அவள்தான் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

அவளுடைய வழி இதுதான். குளிர்காலச் சரக்கு கடைக்கு வந்து இறங்கியதும் அவளும் போய் இறங்குவாள். பிடித்த பொருளை எடுப்பாள். தடவுவாள், முகர்வாள், உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்ப்பாள். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பியதும் விலைச்சீட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிறை மாதிரி ஒரு குறி போடுவாள். விலை மனசில் இருக்கும். இரண்டு மாதம் கழித்துக் கடை முகப்பில் 'பாதி விலை' என்று சிவப்புத் துணி கட்டியதும் மறுபடி என்னை இழுத்துக்கொண்டு போவாள். குறி போட்ட அதே சீட்டில் பழைய விலையை அடித்துப் புது விலை எழுதியிருந்தால் அது அசல் தள்ளுபடி. குறியைக் காணோம், மொட மொடவென்று புதுச்சீட்டு தொங்குகிறது என்றால், ஏற்றிவிட்டு இறக்கியிருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு தடவை தள்ளுபடி நேரத்தில் குறியைத் தேடிச் சீட்டை நகத்தால் சுரண்டும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். கடையில் இருந்தவர் கேரளத்துக்காரர். "எந்தா சேச்சி, சரக்கைக் கெடுக்கறீங்க?" என்று சத்தம் போட்டார். வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகிப் போயிருப்பார்கள். இவள் அந்தச் சீட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"போன மாசம் இது மூணு தினாரு. இன்னிக்கு அஞ்சுன்னு எழுதி, அத அடிச்சு, மூன்றரைன்னு போட்டு வெச்சிருக்கற. கொறச்சுட்டேன்னு வாசல்ல துணி வேற கட்டியிருக்கற. கெடுத்தது நீயா, நானா?"

கடையில் இருந்த சனம் முழுவதும் எங்களைப் பார்த்தது. நான் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். அவர் கடைசியில் சிரித்துவிட்டார். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கும்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முதலில் போய் நின்றது அந்தக் கடையில்தான்.

கடையையே மூடப் போகிறோம், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள் என்று பல வருஷமாகப் பலகை வைத்திருந்த கடை ஒன்றும் இருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம், "நம்மூரு ஏரி வத்துனாலும் வத்தும், இவன் கடைய மூட மாட்டான்" என்பாள். "சனங்களுக்கு வேணுங்கறப்ப எவனும் கொறைக்க மாட்டான் அம்மிணி. இனி ஒருத்தனுக்கும் வேண்டாம்னு ஆகணும். அப்பத்தான் நெசமா எறங்கும்."

குவைத்தில் குளிர் போய் அனல் வீச ஆரம்பிக்கிற மார்ச் மாதம்தான் அவள் வாங்குகிற காலம். கம்பளியையும் ஸ்வெட்டரையும் கடைக்காரன் வாசலில் கொட்டி வைத்து விற்பான். தஞ்சாவூர்க்காரப் பெண்களும் ராமநாதபுரத்துப் பெண்களும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் ஊரில் அதைப் போட்டுக்கொண்டால் வியர்க்குரு வரும். எங்கள் மலைக்கோ வருஷத்தில் பாதி நாள் கம்பளி வேண்டும். அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அக்காவின் முகம் மாறிவிடும். சண்டை போடுகிற அந்த வாய் மூடிக்கொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் விரித்து நீவிப் பார்ப்பாள். எடுப்பது எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கானது.

அவளுக்கு ஒரே ஒரு பெண். புருஷன் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது விழுந்து போய்விட்டார். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இவள் விமானம் ஏறினாள். இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போகிற முறை வந்தது. போகவில்லை. போகாவிட்டால் டிக்கெட் பணம் கையில் கிடைக்கும். அதை வாங்கி, அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனக்கொரு வீடு எழுப்ப அனுப்பிவிட்டாள். பிள்ளையும் தானும் இருக்க ஒரு ஊடு, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

குளிர் முடிந்த பிறகு வாங்கும் ஸ்வெட்டரை அடுத்த குளிருக்குத்தான் போட முடியும். அதனால் பிள்ளை அதற்குள் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று ஊகித்து வாங்க வேண்டும். ஊகிப்பதற்கு அவள் பிடித்த வழி எங்கள் வார்டு. ஸ்வெட்டரை மேலங்கிக்குள் ஒளித்து எடுத்து வருவாள். ஆறு வயது அளவு வேண்டுமென்றால், படுக்கைக்குப் படுக்கை போய், ஆறு வயதுக் குழந்தை எது என்று நர்ஸிடம் கேட்டு, தூங்குகிற அந்தக் குழந்தையின் மேல் ஸ்வெட்டரை மெல்ல வைத்து அளவு பார்ப்பாள். ஒரு தாய் விழித்துக்கொண்டு, தன் பிள்ளைக்கு ஏதோ செய்வினை வைக்கிறாள் என்று பயந்து கத்தியிருக்கிறாள். இவள் அவளுக்குக் கையாலேயே விளக்கினாள். தூரத்தைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, ஒரு உயரத்தைக் காட்டினாள். அந்தத் தாய் புரிந்துகொண்டு ஒரு கை பேரீச்சம்பழத்தை அள்ளிக் கொடுத்தாள்.

எனக்கு அந்த அளவு சரியாகப் படவில்லை. "அக்கா, இதெல்லாம் பாலும் கறியுமாத் தின்னு வளந்த புள்ளைங்க. நம்ம மலையில ஆறு வயசுப் புள்ள இத்தன ஒசரமா இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அப்படி ஒரு கோபத்தை அவள் எந்தக் கடைக்காரரிடமும் காட்டி நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏன், எம்புள்ளைக்கு என்ன கொற? நான் அனுப்பற காசுல தெனமும் பாலு குடிக்கறா, முட்ட திங்கறா. இந்தப் புள்ளைங்களுக்கு அவ எதுல எளைச்சவ? அப்பறம் நான் எதுக்கு இங்க வந்து கக்கூசு கழுவறேன்?"

சின்ன அளவில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தால், தான் அனுப்பிய பணம் பிள்ளையின் உடம்பில் சேரவில்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி. அதை அவளால் தாங்க முடியாது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு ஸ்வெட்டர். நெஞ்சில் வெள்ளை ஆட்டுக்குட்டி பின்னியிருந்தது. நகக்குறி இருந்த சீட்டு, மூன்று முறை அடித்துத் திருத்திய விலை. விடுதிக்கு வந்து எல்லோரிடமும் அந்தச் சீட்டைக் காட்டினாள். ஊருக்குப் போன ஓமலூர் டிரைவர் ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினாள். அவர் திரும்பி வந்து, "அண்ணன்கிட்டக் குடுத்துட்டனுங்க, நொம்பச் சந்தோசம்னு சொன்னாருங்க" என்றார். பிள்ளையைப் பார்த்தீர்களா, எவ்வளவு உயரம் என்று அவரைக் குடைந்தெடுத்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்ததாம்.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாமே என்றேன். "நேர்ல போயே பாத்துக்கறேன். ஸ்டுடியோக்காரனுக்குக் குடுக்கற காசுல ஊட்டுக்கு நாலு ஓடு வாங்கலாம்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "மொகம் மாறியிருந்தாத்தான் என்ன? நான் எடுத்துக் குடுத்தது அவ மேல இருக்கும். எனக்கு அடையாளம் தெரியும். நான் பஸ்ஸை விட்டு எறங்கறப்ப அம்மான்னு ஓடியாருவா பாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அம்மிணி இத்தனையும்."

அவளுடைய நான்காவது வருஷத்தில் எனக்கும் லீவு வந்தது. மார்கழியில் இருவரும் சேர்ந்தே வந்தோம். சேலத்தில் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏறக் குளிர் உள்ளே வந்தது. எனக்கு அது சுகமாக இருந்தது. அவள் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாரிக்கொண்டாள்.

ஏற்காட்டில் நல்ல பனி. ஏரி தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் துணி நிறமாகத்தான் தெரிந்தார்கள். அதில் ஒரு சிவப்பு இருந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே அக்கா எழுந்து படிக்குப் போய்விட்டாள்.

"கண்ணு! எஞ்சாமி!"

அவள் கையிலிருந்த கூடை ஒரு பக்கம் உருண்டது. அவள் ஓடிப் போய் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர்ப் பெண்ணை வாரி எடுத்தாள். ஆட்டுக்குட்டியின் மேல் முகத்தை வைத்துத் தேய்த்தாள். கன்னம், நெற்றி, தலை என்று மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அந்தப் பெண் மிரண்டு போய்க் கை காலை உதறிக்கொண்டு அழ ஆரம்பித்தது. நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் அண்ணன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மிணி," என்றார் மெதுவாக. "அவ எம் பொண்ணு. உம் பொண்ணு இந்தா நிக்கறா."

அண்ணியின் சேலைக்குப் பின்னால், பழைய சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்தது. ஏழு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா தூக்கியிருந்தது அதன் மாமன் மகள், ஒன்பது வயது. தன் அம்மா இன்னொரு பிள்ளையை முத்தமிடுவதை அது ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அக்கா அந்தப் பெண்ணை இறக்கிவிட்டாள். ஆனால் ஸ்வெட்டரின் கையை விடவில்லை, பிடித்தபடியே நின்றாள். பிறகு தன் பிள்ளையின் பக்கம் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை சேலைக்குப் பின்னால் இன்னும் உள்ளே போனது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அப்பாவின் கடை எதிரே இருந்தும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து நாகலூருக்குப் போனேன். காபிப் பழம் எடுக்கிற காலம். முற்றத்தில் உலர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் அக்காவின் வீடு சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது. அக்கா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் வாங்கிய நீல ஸ்வெட்டரை எடுத்து விரித்தாள். பிள்ளை தள்ளி நின்று பார்த்தது.

"அக்காளுக்குங்களா?" என்று மாமன் மகளைக் குறித்துக் கேட்டது. பொறாமையாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில் பார்த்த வழக்கத்தைச் சொன்னது.

"இல்ல சாமி. உனக்குத்தான். போட்டுக்கோ."

சொன்னதற்காகப் போட்டுக்கொண்டது. கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. கீழ்ப்பக்கம் முழங்காலை மூடியது. கழற்று என்று யாராவது சொல்லும் வரை நிற்க வேண்டும் என்பதுபோல நின்றது.

அண்ணிதான் பேசினார். "ஏனுங்க அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. வந்ததெல்லாம் இவளுக்குத் தொளதொளன்னு இருந்துச்சுங்க. பூச்சி அரிச்சு வீணாப் போவுதேன்னு பெரியவளுக்குப் போட்டு உட்டேன். பாலு ஊத்தாம இல்லீங்க. புள்ள ஒடம்பு வாகே இப்படி."

அக்கா சண்டைக்குப் போவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. "உங்க மேல ஒரு தப்புமில்லீங்க அண்ணி," என்றாள். "அங்க பெரிய பெரிய புள்ளைங்களாவே பாத்துட்டிருந்தனுங்களா, எம்புள்ள இத்தனூண்டுதான் இருப்பான்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

பிள்ளை அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டது. அதுதான் கொடுமை. கூப்பிட்டால் வரும், கேட்டால் பதில் சொல்லும், தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுக்கும். "இந்தாங்க", "வேண்டாங்க", "தெரியாதுங்க". எஸ்டேட் துரை வீட்டு அம்மாளிடம் பேசுகிற மாதிரி. அம்மா என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அக்கா அதற்காக என்னென்னவோ செய்து பார்த்தாள். தலை வாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள், பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். என்னிடம் அழுதாள்.

லீவு முடியப் போகிற சமயத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டுக் கடைவீதிக்கு வந்தாள். நானும் போனேன். பொங்கல் லீவுக்கு வந்த கூட்டம் ஏரிப் பக்கம் இன்னும் இருந்தது. கம்பளிக்கடைக்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொல்கிற நேரம். பிள்ளையை நிறுத்தி, மேலே வைத்து வைத்துப் பார்த்து, பச்சையில் ஒன்று எடுத்தாள். கை மணிக்கட்டில் நின்றது. அவர் ஒரு விலை சொன்னார். அநியாயம். இனி பூகம்பம்தான் என்று நான் கொஞ்சம் விலகி நின்றேன். அவள் பேரம் பேசாமல் பணத்தை எடுத்தாள். அவருக்கே என்னவோபோல் ஆகி, "ஏதாச்சும் கொறச்சுக் குடுங்க, பரவாயில்லீங்க" என்றார்.

"வேண்டாங்க," என்றாள். "எம்புள்ளைக்கு ஒண்ணாச்சும் முழு வெலையில இருக்கட்டும்."

"போகாம இருந்துடுங்களேன்க்கா," என்று அன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன். ஊடு கூரையில்லாமல் நிற்பதைச் சொன்னாள். அதுவும் நிஜம்தான்.

கிளம்புகிற அன்றைக்கும் பனிதான். சேலம் போகும் பஸ்ஸில் அவளுக்குச் சன்னலோரம். நான் பக்கத்தில். பிள்ளை பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தது. அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அண்ணி அதை முன்னால் நகர்த்தி, "சொல்லிட்டு வா சாமி" என்றார். அது சன்னலுக்குக் கீழே வந்து நின்று, எனக்கும் அவளுக்கும் பொதுவாக, "போயிட்டு வாங்க" என்றது. அக்கா கையை வெளியே நீட்டினாள். பிள்ளை ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டது. அதற்கே அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். பஸ் உறுமி ஒரு குலுக்குக் குலுக்கியது. பிள்ளை நடுங்கிப் போய் விரலை விட்டது.

"அம்மா!"

"என்ன கண்ணு? இந்தா இருக்கறேன் சாமி, இங்க பாரு!" என்று அக்கா பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

பிள்ளை அதற்குள் திரும்பி ஓடி அண்ணியின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுவிட்டது. இத்தனை நாளாக, அண்ணியைக் கூப்பிட என்று அதற்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்த அத்தை என்ற வார்த்தை அந்தப் பயத்தில் மறந்துவிட்டது. அண்ணி எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் அவர் கை, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

பஸ் ஏரியைத் தாண்டியது. அக்காவின் கை வெளியிலேயே நீட்டியபடி இருந்தது. நான் தொட்டேன். அவள் கவனிக்கவில்லை. டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர் எங்கள் சீட்டருகே நின்றார்.

"கைய உள்ள எடுங்கம்மா. வளைவு வருது."

அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.